பெனிஸ்கோலாவைப் பற்றி நான் சொன்னது

பெனிஸ்கோலாவைப் பற்றி நான் வாயைத் திறந்திருக்கவே கூடாது. திறந்தேன். அதனால் என் அக்காவுக்கு அவள் மீன் விற்கிற இடம் போயிற்று.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயின் நாட்டின் கிழக்குக் கரையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை. அதன் உச்சியில் ஒரு கோட்டை. கோட்டைக்குக் கீழே வெள்ளையடித்த வீடுகள், வீடுகளைச் சுற்றி மதில், மதிலுக்கு வெளியே கடல். ஒரு பக்கம் மட்டும் மணல் திட்டு அதைக் கரையோடு சேர்க்கிறது. அந்தக் காலத்தில் புயலடித்தால் அந்தத் திட்டும் முழுகி ஊர் தீவாகிவிடுமாம். இப்போது அந்த மணலில் வரிசையாக ஹோட்டல்கள். கோடை வந்தால் கால் வைக்க இடமிருக்காது.

அங்கே இரண்டு கோடைகள் பாத்திரம் கழுவினேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கிண்டியில் ஒரு லேத் பட்டறை, மும்பையில் ஒரு கேன்டீன், துபாயில் ஒரு கட்டடம், பிறகு ஒரு கப்பலின் சமையலறை என்று போய், கடைசியில் ஒரு ஏஜெண்ட் கைகாட்டிய உணவகத்தில் நின்றேன். படுக்கை வெங்காய மூட்டைகள் அடுக்கிய அறையில். பாஸ்போர்ட் முதலாளியிடம். முதல் கோடை முழுக்க அதை நான் கண்ணால் பார்க்கவில்லை. குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். மதியப் பாத்திரம் முடிந்து இரவுப் பாத்திரம் தொடங்கும்வரை இரண்டு மணிநேரம் ஓய்வு. அந்த இரண்டு மணிநேரத்தில்தான் ஊரைப் பார்த்தேன்.

கோட்டை வாசலில் சுற்றுலாக் கூட்டத்துக்கு ஒரு பெண் இங்கிலீஷில் கதை சொல்லுவாள். கூட்டத்தின் கடைசியில் போய் நிற்பேன். அவள் என்னைப் பார்ப்பாள், துரத்தமாட்டாள். அப்படித்தான் தெரிந்துகொண்டேன். பாறைமேல் முதலில் அரபு அரசர்களின் கோட்டை இருந்தது. அதை இடித்த இடத்தில் சிலுவைப் போர்த் துறவிகள் இப்போதுள்ள கோட்டையைக் கட்டினார்கள். அதன் பிறகு அங்கே ஒரு போப் வந்து குடியேறினார். ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேல் போப்புகள் இருந்த காலம் அது. மற்ற எல்லோரும் கூடி, நீ போப் இல்லை, இறங்கு என்று சொல்லிவிட்டார்கள். அவர் இறங்கவில்லை. தொண்ணூறு வயது தாண்டிச் சாகும்வரை, நான்தான் போப் என்று அந்தப் பாறைமேலேயே உட்கார்ந்திருந்தார். பாறையில் கடலுக்கு இறங்கும் படிக்கட்டு ஒன்று இருக்கிறது. அவர் ஒரே இரவில் வெட்டியது என்பார்கள். பொய்தான். ஆனால் அந்தப் பெண் சொல்லும்போது நம்பத் தோன்றும்.

வெளிச்சுவர் முழுக்கச் சிப்பி பதித்த வீடு ஒன்றும் உண்டு. பாறைக்கு அடியில் ஒரு பிளவு இருக்கிறது. கடல் கொதிக்கும் நாளில் அலை அதன் வழியாகப் புகுந்து, தெரு நடுவே உறுமிக்கொண்டு நீரைப் பீச்சியடிக்கும். பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடுவார்கள். ஊர் மாதாவுக்குத் திருவிழா செப்டம்பர் எட்டு. பெசன்ட் நகர் மாதாவுக்கும் அதே நாள்தான். முதல் வருடம் அந்த மணிச் சத்தத்தைக் கேட்டபோது கையில் சோப்பு நுரையோடு அழுதேன்.

ஆனால் நான் அதிகமாகப் போனது மீன்பிடித் துறைமுகத்துக்கு. மாலை நாலு நாலரைக்குப் படகுகள் வரும். படகு நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே ஏலக் கூடம். பெட்டியை இறக்கினால் நேராக உள்ளே போய்விடும். இங்கே ஏலம் கீழிருந்து மேலே ஏறும், அங்கே மேலிருந்து கீழே இறங்கும். விலை பலகையில் இறங்கிக்கொண்டே வரும். வேண்டியவன் கையிலிருக்கும் பொத்தானை அமுக்கினால் நின்றுவிடும். கூச்சல் இல்லை. தரையில் சொட்டுத் தண்ணீர் தேங்காது. குப்பத்தில் பிறந்த எனக்கு அது அதிசயம். அந்தக் கூடத்தை நடத்துவது மீன்காரர்களின் சங்கமேதான் என்று ஒரு கிழவர் சைகையில் சொன்னார். தன் மார்பைத் தட்டி, கூரையைக் காட்டினார்.

இதையெல்லாம் ஒருவரிடம் சொன்னேன். அங்கேதான் தப்பு.

ஊர் திரும்பிய பிறகு தி. நகரில் ஒரு டிராவல்ஸில் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். தரமணியில் ஒரு கம்பெனி எங்கள் வாடிக்கை. அங்கிருந்து ஒரு சாரை அடிக்கடி விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுவேன். கழுத்தில் அட்டை, காதில் ஒரு குமிழ், நல்ல மனிதர் போலத்தான் பேசுவார். ஒருநாள் வண்டியில் அவர் யாரிடமோ ஃபோனில் ஸ்பெயின் கடற்கரை ஊர்களைப் பற்றிப் பேசினார். வாய் சும்மா இருக்கவில்லை. "சார், நான் அங்க ரெண்டு வருஷம் இருந்திருக்கேன்" என்றேன்.

அவர் ஃபோனை வைத்துவிட்டார். "எந்த ஊரு பாஸ்?"

சொன்னேன். கிண்டி தாண்டும்வரை சொன்னேன். அவர் கேட்கக் கேட்க இன்னும் சொன்னேன். கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு ஆள் என் பேச்சை முழுதாகக் கேட்டது அதுதான் முதல்முறை. அந்தப் பெருமையில் நான் பெருத்துப்போனேன், மறைக்கவில்லை. இறங்கும்போது அவர் கேட்டார், "உங்க வீடு எங்க?"

மந்தைவெளியிலிருந்து கடலுக்குப் போகும் பக்கத்தில் எங்கள் குப்பத்தைச் சொன்னேன்.

"அடடா. அந்த பீச் ப்ராஜெக்ட்தான் பாஸ் நாங்க பண்றோம்!"

கரையோரச் சாலையை அழகுபடுத்துவது, சாலையோரம் மீன் விற்கும் பெண்களைச் சாலையைத் தாண்டி ஊர்ப்பக்கம் கட்டப்போகும் ஒரு கூடத்துக்குள் கொண்டுபோவது, அதற்காக யார் யார் விற்கிறார்கள் என்று கணக்கெடுப்பது. இதுதான் அவர்கள் வேலை. கணக்கில் வந்தவர்களுக்குக் கூடத்தில் மீன் வெட்டி விற்க ஆளுக்கு ஒரு மேடை. "நாங்க சொன்னா ஜனங்க சந்தேகப்படறாங்க. நீங்க அவங்கள்ல ஒருத்தர். நீங்க பார்த்ததை நீங்களே சொல்லுங்க" என்றார்.

சரி என்றேன். வேறென்ன சொல்வேன்? எனக்கே அது நல்லதாகத்தான் பட்டது. என் அக்கா இருபது வருடமாக வெயிலில் உட்கார்ந்து மீன் வெட்டுகிறவள். மேலே கூரை, கீழே டைல்ஸ், குழாயில் தண்ணீர். யாருக்குக் கசக்கும்?

அடுத்து நடந்தது விளங்க, எங்கள் பெண்கள் இடம் காக்கிற முறையைச் சொல்ல வேண்டும். சாலையோரத்தில் ஒவ்வொருத்திக்கும் ஒரு பலகை அளவு இடம். அதற்குப் பட்டாவும் இல்லை, சீட்டும் இல்லை. எங்கள் அம்மா உட்கார்ந்த இடத்தில் அக்கா உட்கார்ந்தாள், அவ்வளவுதான். ஒருத்தி வராத நாளில் அவள் பலகைமேல் அவளுடைய அலுமினிய அன்னக்கூடையைக் கவிழ்த்து வைப்பார்கள். பக்கத்துப் பலகைக்காரி அதைப் பார்த்துக்கொள்வாள். வெளி ஆள் யார் வந்து, போலீஸோ கட்சிக்காரரோ புதிதாகக் கடை போட வந்தவரோ, "இது யாருது?" என்று கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "என்னுது." ஆள் வரவில்லை என்று சொன்னால் இடம் காலி என்று அர்த்தம், மறுநாள் வேறு ஆள் உட்கார்ந்திருப்பான். அக்காவுக்குப் பிரசவம் ஆனபோது நாற்பது நாள் கூடை கவிழ்ந்தபடி இருந்தது. பக்கத்துப் பலகைக்காரி நாற்பது நாளும் "என்னுது" சொல்லிக் காப்பாற்றினாள். அக்காவும் அவளுக்கு அப்படிச் செய்திருக்கிறாள். யோசித்துச் சொல்வதில்லை. தும்மல் மாதிரி வரும்.

ஒரு வியாழக்கிழமை தரமணி சார் கூப்பிட்டார். படங்களெல்லாம் தயார், குப்பத்திலிருந்து ஒரு பெண்மணியை அழைத்து வாருங்கள், காட்டுவோம், இரண்டு ஃபோட்டோ எடுத்துக்கொள்வோம் என்றார். அக்காவிடம் போய் நின்றேன்.

"வியாபாரத்த வுட்டுட்டு நா இன்னாத்துக்குடா வரணும்?"

"ஒரு அவர்தான்கா. கார்ல இட்டுக்கினு போய் கார்ல இட்டாறேன்."

"ஏசி காரா?"

"ஏசி காரு."

பக்கத்துப் பலகைக்காரி சிரித்தாள். "போய்ட்டு வாடீ. மகாராணி மாரி போய்க்கினு வருவியா, இங்க குந்திக்கினு ஈ ஓட்டுவியா? ஒன் பலகைய நான் பாத்துக்கறேன்."

அக்கா முகம் கழுவி, விசேஷத்துக்குக் கட்டும் புடவையைக் கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்தாள். பலகைமேல் கூடையைக் கவிழ்த்தாள். வண்டியில் கண்ணாடியைப் பார்த்து, "மீன் வாசன வருதாடா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். வந்தது.

தரமணி அலுவலகத்தில் பேப்பர் கப்பில் டீ கொடுத்தார்கள். சுவரில் பெனிஸ்கோலா பெரிதாக விழுந்தது. கோட்டையைப் பார்த்துவிட்டு அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள், இங்கேயா நீ வெங்காய மூட்டைமேல் படுத்தாய் என்பது போல. சிப்பி வீடு வந்ததும், "நம்மாண்ட இவ்ளோ சிப்பி கெடக்குது, கோழித் தீனிக்கில்ல போவுது" என்றாள். சார் பலமாகச் சிரித்தார். ஏலக் கூடம் வந்தது. அவள் முன்னால் சாய்ந்தாள்.

"படகு எங்க நிக்கும்?"

"வாசல்லயேக்கா" என்றேன். "பொட்டிய எறக்குனா நேரா உள்ள."

"நம்ம கட்டடத்துல?"

சார் முந்திக்கொண்டார். "ரோட்டைத் தாண்டி கொஞ்சம் உள்ளே வரணும் சிஸ்டர். வாக்கபிள் டிஸ்டன்ஸ்."

"தலையில நாப்பது கிலோவ வெச்சிக்கினு நீ நட சார், பாக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அதைப் பேச்சாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு கோட்டைப் படத்துக்கு முன்னால் அவளை நிற்க வைத்து, சிரிங்க சிஸ்டர், சிரிங்க என்று ஃபோட்டோ எடுத்தார்கள். ஒரு அவர் மூன்று அவர் ஆயிற்று.

அந்த மூன்று அவரில்தான் அதே கம்பெனி அனுப்பிய ஆட்கள் கையில் டேப்லெட்டோடு எங்கள் சாலைக்கு வந்து கணக்கெடுத்தார்கள். கவிழ்த்த கூடையின் முன்னால் நின்று, "இது யாருது?" என்று கேட்டார்கள். பக்கத்துப் பலகைக்காரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு சங்கரா மீனுக்குச் செதில் எடுத்தபடியே "என்னுது" என்றாள். ரெண்டுமா என்று கேட்டார்கள். ரெண்டும் என்னுது என்றாள். கணக்கில் இரண்டு பலகைக்கும் ஒரே ஆள்தான் ஏறியது.

நாங்கள் திரும்பியபோது அவர்கள் போய்விட்டிருந்தார்கள். யாரோ வந்து எழுதிக்கொண்டு போனார்கள் என்றாள் பக்கத்துப் பலகைக்காரி. எழுதிக்கொண்டு போகிறவர்கள் வருடம் முழுக்க வருவார்கள். நாங்கள் பெரிதாக நினைக்கவில்லை.

பத்து நாள் கழித்துச் சமுதாயக் கூடத்துச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். எனக்குப் படிக்கத் தெரியும் என்பதால் என்னைத்தான் படிக்கச் சொன்னார்கள். மேலிருந்து கீழே படித்தேன். கீழிருந்து மேலே படித்தேன். அக்கா பெயர் இல்லை.

விஷயம் புரிந்ததும் பக்கத்துப் பலகைக்காரி தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். "பூட்ச்சே... என் வாயி அயுவிப் போவ. பயக்கத்துல சொல்லிட்டேனே. தெனம் சொல்றதுதானடீ, வந்துச்சு வாயில."

அக்கா அவள் கையைப் பிடித்தாள். "ஏய், சும்மா இரு. நீ சொல்லாம வேற யாரு சொல்லுவா?" பிறகு என் பக்கம் திரும்பினாள். அவளைத் திட்டாத திட்டையெல்லாம் எனக்கு வைத்திருந்தாள். "ஊரு சுத்துன கதைய அவன்கிட்ட இன்னாத்துக்குடா சொன்ன? ஒன்ன யாராவது கேட்டாங்களா? இங்க குந்தியிருந்தா நானும் கணக்குல வந்துருப்பன். ஏசி காராம், ஏசி காரு."

அன்றைக்கே தரமணிக்குப் போனேன். சார் என்னை வரவேற்பறையிலேயே நிற்க வைத்துப் பேசினார்.

"லிஸ்ட் ஃப்ரீஸ் ஆயிடுச்சு பாஸ்."

"சார், கணக்கெடுக்க வந்த நேரத்துல எங்கக்கா எங்க சார் இருந்தா? உங்க ஆபீஸ்ல. உங்க டீயக் குடிச்சிக்கினு."

"சர்வே டேட் ஃபீல்டு டீம் போட்டது. எனக்கு ஸ்ட்ரைக் ஆகல. சாரி."

"அவள ஃபோட்டோ எடுத்தீங்கல்ல? தேதி, நேரம் எல்லாம் அதுல இருக்கும்ல?"

அவர் கொஞ்சம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். "அது ஆபீஸ்ல எடுத்தது பாஸ். வியாபாரம் பண்ற இடத்துல எடுத்த ஃபோட்டோதான் ப்ரூஃப். இது அவங்க அந்த இடத்துல இல்லைங்கறதுக்குத்தான் ப்ரூஃப்."

என் வாழ்க்கையில் அடி வாங்கியிருக்கிறேன். துபாயில் ஒரு மேஸ்திரி பலகையால் அடித்திருக்கிறான். அப்போதெல்லாம் வராத கோபம் அந்தக் குளிர்ந்த அறையில் வந்தது. அவர் முகத்தில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். இவர் என் தோளில் கைவைத்து, சனிக்கிழமை உங்கள் குப்பத்தில் நாங்கள் வைக்கும் கூட்டத்தில் நீங்கள் நன்றாகப் பேசினால் நானே மேலே ஒரு வார்த்தை சொல்கிறேன் என்றார். அந்த வார்த்தைக்காக நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்னும் எனக்கு என்மேல் ஆத்திரம்தான்.

சனிக்கிழமை சமுதாயக் கூடம் நிரம்பியிருந்தது. பெண்கள் வேலையை முடித்துவிட்டு அப்படியே வந்திருந்தார்கள், ஈரப் புடவையோடு. மேடையில் சாரும் அவருடைய ஆட்களும். எனக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். நான் வண்டியில் சொன்னதுதான். ஆனால் வாத்துக்கு இறகு பிடுங்குவது போலப் பிடுங்கியிருந்தார்கள். கூடம் சுத்தமானது, சத்தமில்லாதது, நாற்றமில்லாதது, உலகம் முழுக்க ஆட்கள் வந்து பார்க்கிறார்கள். இவ்வளவுதான் இருந்தது. படகு வாசலில் நிற்பது இல்லை. கூடம் யாருடையது என்பது இல்லை.

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசையில் புத்தகம் அடுக்கி எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வழவழ அட்டை. அட்டையில் என் அக்கா. பூ வைத்துக்கொண்டு, பெனிஸ்கோலாக் கோட்டைக்கு முன்னால் சிரித்துக்கொண்டிருக்கிறாள். கீழே 'புதிய கூடத்தின் பயனாளி' என்று போட்டிருந்தது.

தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தேன்.

"அந்த ஊர்ல ரெண்டு வருசம் எச்சித் தட்டு கழுவுனவன் நானு. கூடம் சுத்தம்தான், பொய் இல்ல. ஆனா படகு நிக்கறது வாசல்ல. அத நடத்தறது மீன்காரங்க சங்கம். உள்ள யாரு வரணும், யாரு ஒக்காரணும்னு டேப்லெட்டத் தூக்கினு வந்து எவனும் அங்க எழுதல. இந்த அட்டையில கீறாளே எங்கக்கா, இவ பேரு லிஸ்ட்டுல இல்ல. பயனாளின்னு போட்டுக்கீது. இன்னா பயன், யாருக்குப் பயன், சார் சொல்லட்டும்."

மைக் நின்றுவிட்டது. சார் எழுந்து இரண்டு கையையும் தாழ்த்திக் காட்டி, "எமோஷனல் ஆகாதீங்க" என்றார். பெண்கள் அட்டையைப் புரட்டிப் பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து பக்கத்துப் பலகைக்காரியின் குரல் மைக் இல்லாமலே மேடைக்கு வந்தது: "எனக்குக் குடுத்த மேடையில பாதி அவுளுது. எய்திக்கோ. எய்திக்கோ நைனா, இப்ப எய்து பாக்கலாம்."

யாரும் எழுதவில்லை. மனு கொடுங்கள் என்றார்கள். கொடுத்தோம். அதற்கு ஒரு எண் வந்தது, அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. திங்கட்கிழமை டிராவல்ஸ் முதலாளி வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். வாடிக்கையை இழக்க முடியாது என்று முகத்தைப் பார்க்காமல் சொன்னார். இப்போது நான் ஓட்டுவது ஷேர் ஆட்டோ. வேலை போனது எனக்குப் புதிதல்ல, எத்தனையோ போயிருக்கிறது.

கூடம் திறந்தாகிவிட்டது. பக்கத்துப் பலகைக்காரி தன் மேடையில் பாதியை விட்டுவிட்டு உட்காருகிறாள். அந்தப் பாதியில் அக்காவின் அன்னக்கூடை கவிழ்ந்திருக்கிறது. மேற்பார்வைக்கு வருகிறவர் கேட்டால் "என்னுது" என்கிறாள். அக்கா உள்ளே போகமாட்டேன் என்கிறாள். பட்டியலில் இல்லாத இடத்தில் திருடி மாதிரி எதற்குக் குந்த வேண்டும் என்கிறாள். அம்மா உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது புல்லும் இரும்புக் கம்பியும் வைத்துவிட்டார்கள். அதனால் கூடத்துக்கு வெளியே, சாலையைப் பார்த்த சுவரோரமாகப் பலகையைப் போட்டிருக்கிறாள். தினமும் காலையில் ஒரு ஆள் வந்து எழுப்புகிறான். எழுந்திருக்கிறாள். அவன் போனதும் உட்காருகிறாள். மற்ற எல்லோரும் கூடி இறங்கு என்று சொன்ன பிறகும் இறங்காத அந்தப் போப்பைப் பற்றி அவளிடம் ஒருமுறை சொல்லப்போனேன். "உன் ஊர்க் கதைய ஏறக்கட்டு" என்றாள்.

அவளுக்கு மேலே, சுவரை அடைத்துக்கொண்டு ஒரு ஃப்ளெக்ஸ். அதே படம். கோட்டை, பூ, சிரிப்பு. போன வாரம் அவளை எழுப்ப வந்தவனிடம் அவள் மேலே கையைக் காட்டினாள்.

"இதுல கீறது யாரு சார்?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவளையும் பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது, நான் ஆட்டோவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "யாரா இருந்தா இன்னாம்மா. நவுரு" என்றான்.

நான் இறங்கிப்போய் அந்தத் துணியின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன். கயிறு அறுந்து ஒரு பக்கம் தொங்கியது. இன்னொரு மூலைக்குக் கை போனபோது அக்கா என் லுங்கியைப் பிடித்து நிறுத்தினாள்.

"வுட்றா. வெயில மறைக்குது."

தொங்கிய மூலையை இழுத்து, தன் பலகைக்கு மேலே வரும்படி அதன் கயிற்றை ஒரு கல்லில் கட்டினாள். கோட்டையின் பாதியும் அவள் முகத்தின் பாதியும் மடிந்து அவள் தலைக்குமேல் கூரையாக நின்றன. பெட்டியிலிருந்து ஒரு வஞ்சிரத்தை எடுத்துப் பலகைமேல் போட்டாள். என்னைப் பார்க்காமலே, "நின்னுக்கினு கீற. தண்ணி புடிச்சாந்து ஊத்து" என்றாள். குழாய் கூடத்துக்குள் இருக்கிறது. குடத்தை எடுத்துக்கொண்டு போனேன்.